நுரைக்குக் கொடுக்கும் காசு

வாளியில் தண்ணீர் பிடித்து, சலவைத்தூளைப் போட்டு, கையை விட்டு நாலு கலக்குக் கலக்குகிறோம். நுரை பொங்கி விளிம்பைத் தொட்டால் மனசு நிறைகிறது. தொடவில்லை என்றால் இன்னொரு பிடி போடுகிறோம். பாத்திரம் தேய்ப்பதிலும் தரை கழுவுவதிலும்கூட இதே கணக்குதான். தொலைக்காட்சி விளம்பரங்களும் இந்தக் கணக்கைத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கின்றன. சட்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று நுரை பொங்காத சலவைத்தூள் விளம்பரம் அரிது. ஆனால் அழுக்கு வெளியேறுவதற்கும் நுரைக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. நுரையை அளவுகோலாக வைத்துச் சுத்தம் செய்கிறவர்கள் தூளையும் தண்ணீரையும் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள், துணியின் ஆயுளைக் குறைக்கிறார்கள். பல நேரம் அழுக்கும் முழுதாகப் போவதில்லை. எந்த அழுக்குக்கு எந்தப் பொருள், அதற்கு எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீர் என்று கேட்டுச் செய்கிற வீட்டில் இன்று கரைகிற தூளில் கணிசமான பங்கு மிச்சமாகும்.

சோப்பும் சலவைத்தூளும் வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. அவற்றின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை தண்ணீரோடு ஒட்டும், வால் எண்ணெயோடு ஒட்டும். துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை வால்கள் கூட்டமாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, வெளிப்பக்கம் நிற்கும் தலைகள் அந்தப் பிசுக்கைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன. இது முழுவதும் தண்ணீருக்குள்ளே, துணியின் மேற்பரப்பில் நடக்கிறது. நுரை நிற்பதோ தண்ணீருக்கு மேலே. அதே மூலக்கூறுகள் காற்றுக் குமிழைச் சுற்றியும் படலம் கட்டுவதால்தான் நுரை வருகிறது. குமிழில் போய் மாட்டிக்கொண்ட மூலக்கூறு அந்த நேரத்தில் துணிப் பக்கம் இல்லை. தண்ணீரில் தூளின் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய பிறகு, இன்னும் போடப் போடத் தண்ணீர் துணிக்குள் ஊடுருவும் திறன் மேற்கொண்டு கூடுவதில்லை. கூடுவது நுரையும் செலவும்தான்.

அப்படியானால் இவ்வளவு தலைமுறைகளாக நுரையைப் பார்த்துத் துவைத்தவர்கள் விவரம் தெரியாதவர்களா என்று கேட்கலாம். இல்லை. அவர்கள் காலத்தில் நுரை உண்மையாகவே ஒரு நல்ல அளவுகோலாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் பயன்படுத்தியது அசல் சோப்பு. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய சோப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளை மண்டியாகிவிடும். தண்ணீரில் உள்ள கால்சியம் முழுவதும் தன் பங்கைத் தின்று தீர்த்த பிறகுதான், மிஞ்சிய சோப்பு நுரைக்கத் தொடங்கும். ஆகவே நுரை வந்தது என்றால் சோப்பு வேலைக்குத் தயார் என்று பொருள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 19-ஆம் நூற்றாண்டில் இதையே ஒரு பரிசோதனையாக மாற்றினார்: அளந்த தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எவ்வளவு சோப்பு பிடிக்கிறது என்று பார்த்துத் தண்ணீரின் கடினத்தன்மையைக் கணக்கிட்டார். துவைக்கும் கல்லருகே நின்று நுரை பார்த்தவர்களும் தம்மையறியாமல் அதே பரிசோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கால்சியத்துக்கு இப்படிப் பறிபோகும் சோப்பு எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூட வேதியியலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த வரம்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட 300 என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட தண்ணீரில் ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 1.8 கிராம் சோப்பை மண்டியாக்கிவிடும். 20 லிட்டர் வாளி ஒன்றில் 35 கிராமுக்குமேல் சோப்பு ஒரு துளி அழுக்கையும் தொடாமலே வீணாகிறது. வீணானதோடு போகாமல், அந்த மண்டி துணி இழைகளிலும் வாளியின் உட்புறத்திலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. போர் தண்ணீர் வீடுகளில் வெள்ளை வேட்டி ஒரே வருஷத்தில் சாம்பல் பூப்பதற்கும் துண்டு மொரமொரவென்று ஆவதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. துவைத்தவரின் கைப் பலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த நிலையை மாற்றும் செயற்கைச் சலவைத்தூளாக இந்தியாவில் 1959-இல் சர்ஃப் வந்தது. பத்தாண்டு கழித்து அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுப் பின்கட்டில் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்கத் தொடங்கிய நிர்மா, செயற்கைச் சலவைத்தூளைச் சாதாரணக் குடும்பங்களின் விலைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்கும் தூள்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் ஒரு வேதிப்பொருள்; வடசென்னையின் மணலியில் உள்ள ஆலை நாட்டின் முக்கிய உற்பத்தியிடங்களில் ஒன்று. இந்த வகைத் தூள் உப்புத் தண்ணீரில் சோப்பு அளவுக்குத் திரிந்து போவதில்லை. அதனால் அந்தத் தண்ணீரிலும் நுரைக்கிறது. பழைய அளவுகோல் அன்றே காலாவதியாகிவிட்டது. சோப்பில் நுரை வந்தால் தண்ணீரின் கடினத்தன்மை தீர்ந்தது என்று தெரியும். தூளில் நுரை வந்தால் தூள் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். ஆனாலும் வாங்குகிறவர் நுரையைத்தான் தேடுகிறார் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். கையால் துவைக்கும் தூள்களைத் தாராளமாக நுரைக்கும்படியே தயாரித்தார்கள். வியாபாரம் என்ற அளவில் அதில் தப்பில்லை. அதைச் சுத்தத்தின் சான்றாக நாம் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

நுரை இல்லாமல் அழுக்குப் போகுமா என்ற சந்தேகத்துக்குக் கடை அலமாரியிலேயே பதில் இருக்கிறது. முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரன்ட் லோட் மெஷினுக்கென்று தனித் தூள் விற்கிறார்கள்; பெரும்பாலும் விலையும் கூடுதல். அதில் நுரையை அடக்குவதற்கென்றே சிலிகோன் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். காரணம், அந்த மெஷினில் சுழலும் தொட்டி துணியை மேலே தூக்கிக் கீழே போட வேண்டும். அப்படி விழும் அடிதான் கல்லில் அடித்துத் துவைப்பதற்கு ஈடு. நுரை மிகுந்தால் மெத்தை போட்டதுபோலத் துணியைத் தாங்கிக்கொள்கிறது, அடி விழுவதில்லை. பாத்திரம் கழுவும் மெஷின் இன்னும் தெளிவான சாட்சி. அதற்கான தூளில் நுரை கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. ஆனால் குழம்புச் சட்டியின் எண்ணெயை வெந்நீரும் காரமும் நேரமுமாகச் சேர்ந்து கழற்றிவிடுகின்றன. ஒரே கம்பெனி ஒரு பாக்கெட்டில் நுரையைக் கூட்டியும் இன்னொரு பாக்கெட்டில் நுரையைக் குறைத்தும் விற்று இரண்டும் சுத்தம் செய்கிறதென்றால், சுத்தம் செய்வது வேறெதுவோ என்றுதானே ஆகிறது?

கொஞ்சம் கூடப் போட்டால் என்ன நஷ்டம் என்பார்கள். போட்ட தூளெல்லாம் அலசலில் போய்விடுவதில்லை என்பதுதான் நஷ்டம். வீட்டிலேயே பார்க்கலாம். ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த இரண்டு துண்டுகளை எடுத்து, தூள் எதுவும் போடாமல் ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பாருங்கள். தண்ணீர் நுரைத்தால், அது போன துவையலின் மிச்சம். அந்த மிச்சம் இழையில் தங்கிப் புது அழுக்கை இழுத்துப் பிடிக்கிறது, துண்டின் ஈரம் உறிஞ்சும் குணத்தைக் கெடுக்கிறது, தோல் மென்மையான குழந்தைகளுக்கு அரிப்புக் கொடுக்கிறது. மெஷினில் இதே மிச்சம் ரப்பர் வளையத்திலும் கண்ணுக்குத் தெரியாத வெளித்தொட்டியிலும் கொழகொழவென்று படிந்து, கிருமிகள் அதில் குடியேறி, துவைத்த துணியே ஊசல் வாடை அடிக்கத் தொடங்கும். அப்போது பெரும்பாலோர் செய்வது, வாசனைக்காகத் தூளையும் மென்மையாக்கும் திரவத்தையும் இன்னும் கூட்டுவது. செய்ய வேண்டியதோ எதிர்ப்பக்கம்: தூளைக் குறைப்பது, துவைத்து முடிந்ததும் மெஷின் கதவைத் திறந்து போடுவது, மாதம் ஒருமுறை துணியில்லாமல் வெந்நீரில் ஓட்டுவது. மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுகளுக்குப் போடவே கூடாது. அது இழைமேல் கொழுப்புப் படலம் பூசித்தான் மென்மை தருகிறது, அந்தப் படலம் தண்ணீரை உறிஞ்ச விடாது.

சுத்தம் செய்வது எது என்ற கேள்விக்கு வருவோம். ஜெர்மனியில் ஹெங்கல் சலவைப்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வேதிப்பொருள், கசக்கும் அல்லது அடிக்கும் விசை, வெப்பம், நேரம் என்று நான்கு துண்டுகள். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. தொழில்முறைச் சலவையாளர்களுக்கு இன்றும் அது பாலபாடம். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் வட்டம் எதுவும் வரையாமல் இதையே செய்துகொண்டிருந்தார்கள். காரம் மிகுந்த உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி, அடியிலிருந்து எழும் நீராவியில் மணிக்கணக்காக வேகவிட்டு, பிறகு ஆற்றங்கரைக் கல்லில் அடித்து, வெயிலில் விரிப்பார்கள். காரம், நீராவியின் வெப்பம், நீண்ட நேரம், கல்லின் அடி. நான்கும் அதில் இருக்கின்றன; நுரைதான் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்த வண்ணாரப்பேட்டைக்காரர்களின் காலத்தில் சலவைத்தூள் என்ற பொருளே உலகில் கிடையாது.

இந்த நான்கில் வீட்டில் நாம் அதிகம் கஞ்சத்தனம் காட்டுவது நேரத்தில். தூளைப் போட்டு உடனே தேய்க்கத் தொடங்குகிறோம். இன்று நல்ல தூள்களில் என்சைம்கள் இருக்கின்றன. புரதக் கறையை ஒன்று, மாவுச்சத்தை ஒன்று, கொழுப்பை ஒன்று என்று தனித்தனியாக வெட்டிப் போடும் உயிர்ப்பொருள்கள் அவை. ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலார் விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைச் சலவையில் சேர்த்து 1913-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். என்சைம் நுரைக்காது; விளம்பரத்தில் காட்டத் தோதில்லாத உழைப்பாளி. அதற்கு வேண்டியது அவகாசமும் இளஞ்சூடும்தான். ஐரோப்பாவில் குழாய்த் தண்ணீரை மின்சாரம் கொடுத்துச் சூடாக்கிப் பெறுகிற 30 டிகிரி, நமக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சும்மாவே வருகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் காலர் அழுக்கில் பெரும்பகுதி தானே கழன்றுவிடும். ப்ரஷ்ஷால் தேய்த்து நூலைப் பிய்க்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விடுவதும் சரியல்ல. கழன்ற அழுக்கு மறுபடி துணியிலேயே படியும், நாற்றமும் வைக்கும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், என்சைம் செத்துவிடும்.

உப்புத் தண்ணீருக்குத் தூள் கூடத்தானே வேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான், ஓரளவு கூட வேண்டும். செயற்கைத் தூளையும் கால்சியம் கொஞ்சம் முடக்கவே செய்கிறது. ஆனால் கால்சியத்தைச் சமாளிக்க விலை உயர்ந்த தூளைக் கொட்டுவதைவிட, அதற்கென்றே உள்ள மலிவான சலவை சோடாவைப் போடலாம். 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்துவிடும். பெரும்பாலான தூள்களில் சோடா ஏற்கெனவே கலந்திருப்பதால், இது முக்கியமாகப் பார் சோப்பிலும் திரவத்திலும் துவைக்கிறவர்களுக்கான யோசனை. கையில் எரிச்சல் தரும் காரம் அது, உறை போட்டுக்கொள்வது நல்லது. பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் இரண்டும் வருகிற வீடுகளில் குடிக்கச் சமைக்க நல்ல தண்ணீர், துணிக்கு எது கிடைத்தாலும் சரி என்று பிரித்திருப்பார்கள். செயற்கைத் தூளில் ஊறவைக்கும் அந்த முதல் வாளிக்கு மட்டும் நல்ல தண்ணீரை எடுத்து, அலசலைப் போர் தண்ணீரில் வைத்துக்கொண்டால் தூளும் குறையும், துணியும் வெளுக்கும். எல்லாவற்றிலும் மென்மையான தண்ணீர் மழைநீர். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை நிலத்தடி நீரோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். மாடியிலிருந்து இறங்கும் நீரில் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் வெள்ளைத் துணிக்கு அதைப்போல வேறு தண்ணீர் கிடையாது. பருப்பு வேகாத தண்ணீரில் துணியும் வெளுக்காது. இரண்டுக்கும் காரணம் அதே கால்சியம், மக்னீசியம்தான்.

கறைகள் விஷயத்தில் நுரையும் பலமும் இரண்டுமே ஏமாற்றும். கறை என்ன பொருளால் ஆனது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சோப்பால் அடித்துத் தேய்ப்பது, எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற காரியம். ரத்தம், பால், முட்டை எல்லாம் புரதம். வெந்நீர் பட்டால் வெந்து இழையோடு இறுகிவிடும். முதலில் பச்சைத்தண்ணீரில் அலசி, பிறகுதான் என்சைம் உள்ள தூளில் ஊறவைக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா மை தண்ணீருக்கு மசியாது, ஆல்கஹாலில் கரையும். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் சானிடைசரைக் கறையின் மேல் விட்டு, அடியில் ஒரு பழந்துணி வைத்து ஒற்றி எடுத்தால் பள்ளிக்கூடச் சட்டைப் பை தப்பிக்கும். சாம்பார் கறை இரண்டு அடுக்கு. மேலே எண்ணெய், கீழே மஞ்சள். எண்ணெய்க்குப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தடவி ஊறவைக்கலாம். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டதும் சிவந்துவிடும். சோப்புப் போட்டதால் கறை கூடிவிட்டது என்று பயந்து மேலும் தேய்ப்பவர்கள் உண்டு. அலசினால் மஞ்சளாகத் திரும்பிவிடும். அந்த நிறப்பொருளுக்கு வெளிச்சம் ஆகாது. ஈரத்தோடு நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாள் போட்டால் வெளுத்தே போகும், எந்தக் கடைச் சரக்கும் வேண்டாம். துருக்கறைக்குப் பிளீச்சிங் போட்டால் இன்னும் மோசமாகும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருள்தான் அதற்கு. இரும்புச்சத்து கலந்த போர் தண்ணீரில் வெள்ளைத் துணிக்குப் பிளீச் போட்டு அது பழுப்பேறிப் போவதற்கும் இதே காரணம். வாழைக்கறை காய்ந்துவிட்டால் அந்தச் சட்டையைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டுப் புடவைக்கு மட்டும் தனிச் சொல். பட்டு இழையே புரதம். ரத்தக்கறையைத் தின்கிற என்சைம் பட்டையும் தின்னும், சோடாவின் காரமும் அதை அரிக்கும். விலை கூடிய தூள் என்றால் விலை கூடிய புடவைக்கு நல்லது என்ற நினைப்பு இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது. பூந்திக்கொட்டைக் கரைசல் பட்டுக்கு ஏற்றது. அதிலுள்ள சப்போனின் மென்மையாக அழுக்கெடுக்கும், நாரைச் சிதைக்காது. உடனே, பார்த்தீர்களா, பழைய இயற்கைப் பொருள்களே மேல் என்று ஒரு கட்சி கிளம்பும். கட்சிக்கு அப்படி வசதியாக எதுவும் இதில் இல்லை. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் சுத்தம் செய்தது அதிலுள்ள பொட்டாசியம் காரத்தால். பித்தளைச் செம்பைப் புளி பளபளக்க வைப்பது, அதிலுள்ள அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைப்பதால். பூந்திக்கொட்டையைச் சட்டைக் காலரில் ஏறிய பிசுக்குக்குப் போட்டால் அதன் பலம் போதாது. சாம்பலைப் பட்டுக்குப் போட்டால் நாசம். பொருள் காட்டில் விளைந்ததா ஆலையில் விளைந்ததா என்பது அழுக்குக்குத் தெரியாது.

வெள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அதிகத் தூள் போட்டால் துணி பளிச்சென்று இருக்கிறதே என்பார்கள். இருக்கும். தூளில் கலந்திருக்கும் ஒளிர்பொருள்கள் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுகின்றன. அந்த நீலம் துணியின் பழுப்பை மறைத்துக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. சொட்டு நீலம் செய்வதும் கிட்டத்தட்ட இதே கண்கட்டுதான், அது சாயத்தால் செய்கிறது. கொடியில் காயும்போது கண்ணைப் பறித்த சட்டை அறைக்குள் வந்ததும் மங்கித் தெரிவதற்கு இதுவே காரணம். கண்ணுக்கு வெண்மை வேண்டியவர்கள் நீலம் போட்டுக்கொள்ளட்டும், அதில் பழுதில்லை. ஆனால் அழுக்குப் போனதற்கு அது அத்தாட்சி ஆகாது. புதுத் துணியை உப்பு நீரில் போட்டால் சாயம் நிலைக்கும் என்பதும் இதே ரகம்: சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, வீட்டு வாளியில் அந்த ஒரு துவையலுக்கு ஒருவேளை சாயம் இறங்குவது குறையலாம், அடுத்த துவையலில் இறங்கவேண்டியது இறங்கும்.

குளியலறைக்குப் போனால் கதை மாறுகிறது. குழாயிலும் டைல்ஸிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிந்திருப்பதில் எண்ணெய் அழுக்கு கொஞ்சம்தான். பெரும்பாலும் சுண்ணாம்பும், சோப்பு மண்டியும். அதன்மேல் சலவைத்தூளைப் போட்டு எவ்வளவு நுரை கிளப்பினாலும் அசையாது, கம்பி நார் போட்டால் டைல்ஸில் கீறல்தான் விழும். சுண்ணாம்பை அமிலம் கரைக்கும். எலுமிச்சைச் சாறோ, சிட்ரிக் அமிலக் கரைசலோ, வினிகரோ நனைத்த துணியைக் குழாயில் சுற்றிக் கால் மணி நேரம் விட்டால் போதும். ஆனால் அதே அமிலம் மொசைக், மார்பிள், கடப்பா கல் தரையில் பட்டால் மெருகு போய்விடும். அந்தக் கற்களே சுண்ணாம்பு இனம். பழைய வீட்டு மொசைக் தரையை ஆசிட் ஊற்றித் தேய்த்து, பொங்கி வருவதைப் பார்த்து அழுக்கு வெளிவருகிறது என்று மகிழ்வார்கள். பொங்குவது தரை. இப்படிப் பொங்குவதைச் சுத்தம் என்று நம்புகிற இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது: சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுவது. ஒன்று காரம், ஒன்று அமிலம். சேர்ந்ததும் ஒன்றையொன்று முடித்துவிட்டு, காற்று போக மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்பு நீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் உருப்படியான பொருள்கள். சோடாவைப் பிசுக்குக்கும் வினிகரைச் சுண்ணாம்புப் படிவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சேர்க்கவே கூடாதது ஒன்று இருக்கிறது. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. நன்றாகப் போகட்டும் என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மூச்சு முட்டி, கண் எரிந்தால் கழுவி முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்து காற்றாட நில்லுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பொருள். அதை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்தது. இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டைப் பலன் என்கிற நினைப்பு வீட்டைச் சுத்தம் செய்வதில் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை.

நுரைக்கே திரும்புவோம். கூடுதல் நுரையை அலசிக் களையக் கூடுதல் தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்கு அந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளை நுரை மலைபோல ஒதுங்கி, பிள்ளைகள் அதில் விளையாடிய படங்கள் உலகெங்கும் போயின. சுத்திகரிக்காத கழிவுநீரும் அதில் கலந்த சலவைப் பொருள்களும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு கரண்டி குறைத்தால் கடல் சுத்தமாகிவிடும் என்று சொல்ல முடியாது. சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டியது அரசின் வேலை, அதை வீட்டுப் பெண்களின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் பயனில்லாமல் போடுகிற அந்தக் கரண்டிக்காக யாரும் வருத்தப்படப் போவதில்லை.

எவ்வளவு போடுவது என்பதற்கு நாம் குத்துமதிப்பையே நம்பியிருப்பதற்கு ஒரு காரணம், பாக்கெட் அதைச் சொல்வதில்லை என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டுச் சலவைப் பொருள் உறையில் மென்மையான தண்ணீருக்கு இவ்வளவு, நடுத்தரத் தண்ணீருக்கு இவ்வளவு, கடினத் தண்ணீருக்கு இவ்வளவு என்று அச்சிட்டே ஆக வேண்டும். தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிற நம் ஊருக்குத்தான் அந்த விதி அதிகம் பொருந்தும். தமிழிலும் அச்சிடச் சொல்லி நுகர்வோர் அமைப்புகள் கேட்க வேண்டும். அதுவரை உங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையை நீங்களே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்து வாங்கலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள். 200-க்குள் இருந்தால் இப்போது போடும் தூளைப் பாதியாக்கி, அரை மணி ஊறவைத்துத் துவைத்துப் பாருங்கள். 400, 500 என்று இருந்தால் முதல் வாளிக்கு வேறு தண்ணீர் தேடுங்கள்.